லாசன்பேட்டையில் இறங்குகிறவர்

வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற மனிதர் “வூட்டுக்குப் போலாம் வா” என்று கூப்பிட்டால், அவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

செங்கமலத்துக்கு விடை தெரியவில்லை. அவள் கணவர் பாலையா, தானே செங்கல் சுமந்து கட்டிய வீட்டில், தானே வாங்கிய கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்டார். முதலில் அவள் சிரித்தாள். சுவரைத் தட்டிக் காட்டினாள். “இதான்யா வூடு” என்றாள். அவர் சுவரை மரியாதையாகப் பார்ப்பார், யாரோ தெரிந்தவர் வீட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல. பிறகு, “பொழுது போவுது. வூட்டுல தேடுவாங்க” என்பார். குரலில் கோபம் இருக்காது. ஆசைதான் இருக்கும். அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

திருப்பதியில் ஒரு டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நினைவு சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். புதிய நினைவு முதலில் போகும், பழையது கடைசியில் போகும், மாத்திரை அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். செங்கமலம் கேட்டுக்கொண்டாள். ஆனால் வீட்டிலேயே இருப்பவருக்கு வீட்டு ஏக்கம் எப்படி வருகிறது என்று டாக்டரிடம் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஆஸ்பத்திரி நாளில்தான் அவளுக்குப் பாதி விடை கிடைத்தது. சாயங்காலம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் தங்கள் ஊர் வண்டியைப் பிடித்தார்கள். அது வடமாலபேட்டை, புத்தூர், நகரி வழியாக விஜயபுரத்துக்குப் போகிற வண்டி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அந்த ஆந்திரப் பாதையில், விஜயபுரத்துக்கு முந்தின நிறுத்தம்தான் அவர்கள் ஊர், லாசன்பேட்டை. பாலையா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தார். ஊர் வந்ததும் எழுந்தார். யாரும் கையைப் பிடிக்கவில்லை. பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார். வாசலில் இருந்த தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவினார். உள்ளே போனதும் திரும்பி, “செங்கமலம், துன்னியா?” என்றார்.

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அன்று ராத்திரி படுக்கும் வரை அவர் பழைய பாலையாவாக இருந்தார். மழை வருமா என்று பேசினார். வேர்க்கடலைக்குக் களை எடுத்தாயிற்றா என்று விசாரித்தார். மறுநாளும் அதற்கடுத்த நாளும்கூட வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஏக்கம் முற்றினால் செங்கமலம் அவரைக் கூட்டிக்கொண்டு வடமாலபேட்டை வரை போவாள். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, திருப்பதியிலிருந்து வருகிற அதே சாயங்கால வண்டியில் ஏறித் திரும்புவாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து அவளுக்குச் செலவும் பாதிதான். கண்டக்டர் மஞ்சு கிண்டல் செய்வாள். “ஃப்ரீன்னு சொன்னதும் புருசனைக் கூட்டிக்கினு ஊர் சுத்தறியாக்கா.”

“நீ கட்டிக்கினவன் வூட்லயே கீறான். நான் என் புருசனை வாராவாரம் வடமாலபேட்டைலேர்ந்து கூட்டியாறேன்” என்பாள் செங்கமலம்.

அந்த வழக்கம் மழைக்காலம் தொடங்கும் வரை நன்றாக வேலை செய்தது. பிறகு ஒருநாள் நின்றுபோனது.

அதே நேரம், அதே இருக்கை, அதே மஞ்சு. ஊர் வந்தது. பாலையா எழுந்திருக்கவில்லை. செங்கமலம் தோளைத் தொட்டாள். “நம்ம ஊரு இன்னும் வரல” என்றார். கையைப் பிடித்து இறக்கினாள். வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். உள்ளே கூப்பிட்டதற்கு, “வேணாம்மா, நேரமாவுது, கடைசி வண்டி போயிடும்” என்று அவளிடமே சொன்னார். அம்மா என்று மரியாதையாக, வழியில் பார்த்த பெண்ணிடம் சொல்வதுபோல.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம் அவர் தனியாகவே கிளம்பிப் போய்விட்டார். நகரி சாலையில் லாரிகளுக்கு ஓரமாக, நனைந்துகொண்டு, ஊரைத் தேடி நடந்துகொண்டிருந்தவரை ஒரு பால் வண்டிக்காரர் அடையாளம் கண்டு ஏற்றிவந்தார். அன்றிலிருந்து செங்கமலம் களை எடுக்கப் போவதை நிறுத்தினாள். கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு, கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். மகள் வந்ததும் ஒன்றுதான் சொன்னாள்: “அவுரு சாவட்டும், இருக்கட்டும், அது சாமி கையில. ஆனா வாரத்துக்கு ஒருக்கா வூட்டுக்கு வந்துக்கினு இருந்தாரு. அதாச்சும் வோணும் எனக்கு.”

மகள் சுஷ்மிதா ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஏ.சி. இயந்திரத்துக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதகர். அவள் வேலை என்னவென்று ஊரில் கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வாள்: நேற்று வரை சரியாக வந்துகொண்டிருந்த பாகம் இன்று கோணலாக வந்தால், இயந்திரத்தைத் திட்டக் கூடாது. நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்னென்ன மாறியது என்று யோசிக்க வேண்டும். மாறியதை ஒவ்வொன்றாகப் பழையபடி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டை ஒரே சமயத்தில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். நைனா விஷயத்தில் மாறியது மூன்று. டாக்டர் மாத்திரையை மாற்றியிருந்தார். டிப்போ பழைய வண்டியை எடுத்துவிட்டுப் புது வண்டி விட்டிருந்தது. மூன்றாவது, ஊரின் பேர்.

பேர் மாறியதில் சுஷ்மிதாவுக்கே பங்கு உண்டு. லாசன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி நூறு வருடத்துக்கு முன்னால், நிலமில்லாத சில குடும்பங்களுக்கு அந்தக் கல்லுத் தரிசைப் பட்டா போட்டுக் கொடுத்தாராம். ஊர் அவர் பேரை எடுத்துக்கொண்டது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஹரிபாபு எழுந்து, “மன ஊருக்கு தெல்லதொர பேரு எந்துக்கு?” என்று தெலுங்கில் ஆரம்பித்தார். நம் ஊருக்கு வெள்ளைக்காரத் துரை பேர் எதற்கு என்பது அவர் கேள்வி. ஹரிபாபு நகரியில் உரக்கடை வைத்திருப்பவர். தமிழ்க் குடும்பம்தான், கோபம் வந்தால் தெலுங்கு. வயதானவர்கள் எதிர்த்தார்கள். அதற்கு முன் அந்த இடத்துக்குப் பேரே கிடையாது, பெரிய ஊருக்குத் தெற்கே என்று சாதியைச் சேர்த்துச் சொல்வார்கள், பஸ்ஸில் தலை குனியாமல் டிக்கெட் கேட்க முடிந்த முதல் பேர் லாசன்பேட்டைதான் என்றார்கள்.

அப்போது சுஷ்மிதா பேசினாள். துரை கையெழுத்துப் போட்டார், குதிரையில் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். கல்லைப் பெயர்த்தது யார்? செல்லியம்மா என்கிற பெண் முதல் கிணற்றுக்குப் பாறையில் கடப்பாரை போட்டாள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாதி ஊர் அவள் வம்சம், நைனாவும் அந்த வம்சம். அப்படியிருக்க, தலை நிமிர்ந்து சொல்ல அவள் பேர் போதாதா என்று கேட்டாள். செங்கமலம்கூடக் கை தூக்கினாள். சர்க்கார் ஆவணங்களில் ஒரு பேர் மாறுவதற்கு நாளாகும், ஆனால் பலகை மாற நாளாகாது. மழைக்கு முன்பே சாலையில் வளைவு கட்டி ‘செல்லியம்மாபுரம்’ என்று எழுதிவிட்டார்கள். டிப்போவுக்கும் ஹரிபாபு நடையாக நடந்து, டிக்கெட் இயந்திரத்தில் பேரை மாற்றவைத்தார்.

ஆனால் பேர்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் இருந்தது. பாலையாவுக்குப் படிக்கத் தெரியாது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அதோடு, வீட்டில் எல்லோரும் இன்னும் லாசன்பேட்டை என்றுதான் சொன்னார்கள். “இது லாசன்பேட்டதான் நைனா” என்று சுஷ்மிதாவே அவர் காதில் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். “லாசன்பேட்டக்குத்தான்மா போவணும்” என்றார்.

ஆகவே அவள் முதலில் மாத்திரையைப் பார்த்தாள். டாக்டரிடம் கேட்டு, பழைய மாத்திரையையே கொஞ்ச நாள் கொடுத்தார்கள். நைனா எழுந்திருக்கவில்லை. பிறகு வண்டியைப் பார்த்தாள். பழைய வண்டி இப்போது சித்தூர் பக்கம் ஓடுகிறது என்று மஞ்சு விசாரித்துச் சொன்னாள். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் புது வண்டியில் பழைய வண்டிபோலவே அமைத்தாள். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், கண்ணாடியைத் திறந்து வைத்தல், மடியில் பை. அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. பாலையா நிறுத்தத்தைத் தாண்டி இருட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விடை அவளுக்குத் தன் உடம்பிலேயே கிடைத்தது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அன்று அவளும் தூங்கினாள். கனவில் அம்மா ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று தன் கை பையின் வாரைத் தேடிப் பிடிப்பதை உணர்ந்தாள். கண் அதற்குப் பிறகுதான் திறந்தது. வாசலில் நின்றிருந்த கிளீனர் “நகரி, நகரி” என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் சத்தம் காதில் விழுந்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது. மூளைக்குச் சொல்லாமல் கை கேட்டிருக்கிறது.

இறங்கி நின்று அவள் நைனாவின் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தாள். அவர் மூட்டை தூக்கியவர். மாங்காய் சீசனில் பங்காருபாளையத்தில் லாரிக்கு லோடு ஏற்றுவார். மற்ற மாதங்களில் திருப்பதி மார்க்கெட். எங்கே வேலை செய்தாலும் கடைசியில் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இந்த வண்டியில்தான் ஏறுவார். ஏறியதும் தூங்குவார். வடமாலபேட்டை, புத்தூர், நகரி, எதுவும் தெரியாது. கண்டக்டர் குரல்தான் அவரை எழுப்பும். அந்தக் குரல், அதற்குப் பின் பிரேக், பிரேக்குக்கு உடம்பு முன்னால் சாய்வது, கால் தரையில் படுவது. எழுபது வயதுக்குள் எத்தனை சாயங்காலம் இதே வரிசையில் நடந்திருக்கும். பூட்டுக்குள் இருக்கிற நெம்புகோல்கள் மாதிரி. முதல் நெம்புகோல் எழும்பாவிட்டால் அடுத்தது நகராது, கதவு திறக்காது. அவருக்கு வீடு என்பது சுவரும் கட்டிலும் இல்லை. தூக்கத்தில் கேட்கிற ஒரு கூப்பாட்டில் தொடங்குகிற இடம் அது. கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னால் அது வெறும் பேர். பிரேக்குக்கு முன்னால் சொன்னால்தான் வீடு.

மஞ்சு முன்பு என்ன கூப்பிடுவாள் என்று அம்மாவிடம் போனில் கேட்டாள். செங்கமலம் யோசிக்கவே இல்லை. “லாசன்பேட்ட எறங்குன்னு கத்தும். பஸ் தகரத்தை ரெண்டு தட்டு தட்டும்.”

“இப்போ?”



இப்போது மஞ்சு செல்லியம்மாபுரம் என்று கூப்பிடுகிறாள். கூப்பிடச் சொன்னது ஹரிபாபு. பலகை மாறிய புதிதில் கண்டக்டர்கள் பழக்கத்தில் பழைய பேரையே சொன்னார்கள் என்று அவர் ஒவ்வொரு வண்டியிலும் ஏறிக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்பதைவிடச் சண்டை போட்டார் என்பது சரி.

சுஷ்மிதா லீவு போட்டாள். வடமாலபேட்டையில் மூன்று பேரும் ஏறினார்கள். மஞ்சு முதலில் தயங்கினாள். இயந்திரம் புதுப் பேரைத்தான் அச்சடிக்கும் என்றாள். சுஷ்மிதா டிக்கெட்டில் புதுப் பேரே இருக்கட்டும், கூப்பிடுவது மட்டும் ஒரு தடவை பழையபடி வேண்டும் என்றாள். வேறு எதையும் மாற்றவில்லை. புது மாத்திரை, புது வண்டி, எந்த இருக்கை கிடைத்ததோ அந்த இருக்கை. நகரி தாண்டியதும் மழை பிடித்தது. பாலையா தூங்கிக்கொண்டிருந்தார். ஊருக்கு முன்னால் இருக்கிற சின்னப் பாலம் வந்தது. மஞ்சு தொண்டையைச் செருமிக்கொண்டு தகரத்தைத் தட்டினாள்.

“லாசன்பேட்ட, லாசன்பேட்ட எறங்கு.”

பிரேக் விழுவதற்கு முன்பே பாலையா எழுந்து நின்றார். கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. தோள் துண்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். மகளைப் பார்த்து, “நீயும் இதே வண்டியா?” என்றார். இறங்கினார். வளைவுக்குக் கீழே, அதில் எழுதியிருந்த தன் முப்பாட்டியின் பேருக்குக் கீழே, நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார். காலைக் கழுவினார்.

“செங்கமலம், துன்னியா?”

“இன்னும் இல்லய்யா. நீ வர்றதுக்குத்தான் பார்த்துக்கினு கீறேன்” என்றாள் செங்கமலம். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். சுஷ்மிதா பின்னால் போகவில்லை.

ஆனால் ஒரு தடவை கூப்பிட்டது பரிசோதனைக்குத்தான். வாராவாரம் வேண்டும் என்றால் ஹரிபாபுவிடம் பேசியாக வேண்டும். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனாள். பேரை மறுபடி மாற்றச் சொல்ல வந்திருக்கிறாளோ என்று நினைத்து அவர் வாசலிலேயே பேச்சை ஆரம்பித்துவிட்டார். அவள் நடந்ததை எல்லாம் சொன்ன பிறகு அவர் முகம் வாடியது. பாலையா மாமாவின் தோளில் ஏறி அவரும் ஜாத்திரை பார்த்தவர்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது.

“பலகையில மட்டும் கீற பேரு செத்த பேரும்மா. நாலு வாயில புழங்கினாத்தான் அது பேரு. கண்டக்டரே தொர பேரைக் கத்தினா, பசங்களும் அதையேதான் கத்துவாங்க. அப்புறம் செல்லியம்மாவை வளைவு மேல ஏத்தி இன்னா பிரயோஜனம்?”

 கூட்டத்தில் சுஷ்மிதாவும் இந்தப் பேருக்காகத்தான் பேசியிருந்தாள். அந்தப் பேரை இறக்க அவளுக்கும் மனசு இல்லை. நைனாவைத் தெருவில் விடவும் மனசு இல்லை. ஒருநாள் சாயங்காலம் அவரையும் வண்டியில் வரச் சொன்னாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஹரிபாபு நகரியில் கடையைச் சாத்திவிட்டு அந்த வண்டியில் ஏறினார். பாலையாவுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். அன்று உரமூட்டை இறக்கிய களைப்பு, அவரும் கண்ணை மூடிவிட்டார். பாலம் வந்தது. மஞ்சு கூப்பிட்டாள். பாலையா எழுந்தார். அவருக்குப் பின்னால் ஹரிபாபுவும் எழுந்து, படிவரை போய்விட்டு, தான் எப்போது எழுந்தோம் என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மஞ்சு பார்த்துவிட்டாள். “இன்னாண்ணா, தொர கூப்டாரா?”

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. ஹரிபாபுவும் சிரித்தார். ஆனால் இறங்கிய பிறகு, மழை நின்ற சாலையில், பாலையா முன்னால் போவதையே பார்த்துக்கொண்டு நடந்தார். வீட்டு வாசல் வரை வந்தார். உள்ளேயிருந்து அந்தக் கேள்வியும் அதற்குச் செங்கமலம் சொன்ன பதிலும் கேட்கும் வரை நின்றார். பிறகு சுஷ்மிதாவிடம், எங்கே எப்போது எதைக் கூப்பிடுவது என்று சரியாக வகுத்துக்கொள்ளலாம் என்றார்.

வகுத்துக்கொள்வது அவளுக்குப் பிடித்த வேலை. ஒரு நிறுத்தத்துக்குக் கண்டக்டர் உண்மையில் இரண்டு தடவை கூப்பிடுகிறார் என்று அவள் எடுத்துச் சொன்னாள். பாலத்துக்கு முன்னாலேயே ஒன்று, இறங்குகிறவர்கள் சாமானை எடுத்துக்கொள்வதற்காக. பிரேக் விழப்போகும்போது ஒன்று, தூங்குகிறவர்களுக்காக. முதல் கூப்பாட்டைத்தான் விழித்திருப்பவர்களும் பிள்ளைகளும் கேட்கிறார்கள், புதுப் பேர் வேரூன்றுவது அதில்தான். இரண்டாவது, தூங்குகிறவருக்கு மட்டும்.

அன்று சாயங்காலம் செங்கமலம் கேட்டாள்: “அவருக்கு அப்புறம்?”

 நைனாவுக்குப் பிறகு இரண்டாவது கூப்பாட்டிலும் புதுப் பேரையே சொல்லிவிடலாம் என்றாள் சுஷ்மிதா. செங்கமலம் தலையாட்டினாள். பிறகு, அந்த வண்டி வருகிற நேரத்தில் தான் என்ன செய்வது என்று தெரியாதவள்போலக் கொஞ்ச நேரம் சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நடைமுறை இதுதான். வளைவிலும் டிக்கெட்டிலும் செல்லியம்மாபுரம். பாலத்துக்கு முன்னால் கண்டக்டர் செல்லியம்மாபுரம் என்று கூப்பிடுவார். பாலையா வண்டியில் இருக்கும் நாளில் மட்டும், பிரேக் விழப்போகும்போது தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, லாசன்பேட்டை என்று ஒருமுறை கூப்பிடுவார். மஞ்சுவுக்கு விடுமுறை என்றால், டிக்கெட் இயந்திரத்தை அடுத்தவரிடம் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள். பாலையா எழுந்து இறங்கி வீட்டுக்கு வருவார்.